லாண்ட்லார்டின் வேரைக் கண்டவர்

ஓய்வு பெற்று ஜொகூர் பாருவில் இருந்த நம் தோட்ட ஆபீஸின் பழைய தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியார் செல்லப்பா காலமான செய்தி, தோட்டத்துக்கு அரிசி லாரியோடு வந்தது. லாரிக்காரர் மூட்டைகளை இறக்கிய பிறகே சொன்னார். முன்னால் சொல்லியிருந்தாலும் யாரும் மூட்டையைக் கீழே போட்டிருக்கமாட்டார்கள்.

அவருக்குக் கீழே சின்னக் கிராணியாக இருந்தவன் என்பதால் இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருக்கு ஆங்கிலச் சொற்களின் வேர் மேல் தீராத பற்று. "வேர் தெரியாமல் சொல்லைப் பாவிக்கிறவன் தகப்பன் பேர் தெரியாதவன்" என்பார். பெரும்பாலும் அனாதைகளிடம் சொல்வார்.

ஒருமுறை துரைமார் கிளப்பில் 'லாண்ட்லார்ட்' என்ற சொல்லைப் பற்றிப் பேச அவருக்கு அனுமதி கிடைத்தது, பின்வாசல் வழியாக. 'லாண்ட்', ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல், நிலம். 'லார்ட்', பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்: 'ஹ்லாஃப்' ரொட்டி, 'வெயர்ட்' காவலன். பிரபு என்றால் ரொட்டியைக் காப்பவன். அவனுடைய வேலைக்காரனுக்கு அன்று 'ரொட்டி தின்பவன்' என்றே பெயர்.

லாரி வராத காலம் அது. அவர் அந்தப் பேச்சைத் திருத்திக்கொண்டிருந்த காலையில், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அங்கம்மா ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்தாள். மகளுக்குக் காய்ச்சல், வலிப்பு. கோத்தா திங்கி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி வேண்டும். துரை வெளியூர் போயிருந்தார். துரை இல்லாத நாளில் பெரிய கிராணியார் வாய் திறந்து சொல்லாமல் நம் தோட்டத்தில் யாரும் மாட்டைப் பூட்டுவதில்லை.

"ஐயா, வண்டி குடுங்க. புள்ளைக்குக் கண்ணு மேல சொருகுதுங்க."

"பொறு பிள்ளை. காவலன் எண்ட சொல்லு கோதிக் பாஷையிலயும் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"எந்தப் பாஷையிலயாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. வண்டிக்காரரு மாட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"வார்த்தை எண்டால் லேசோ? ரொட்டி காக்கிறவர் துரை. ரொட்டி தின்னுறவள் நீ. ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே வச்ச பேர்."

"நாங்க எங்கய்யா ரொட்டி தின்னோம்? கஞ்சிதானே!"

அவர் அகராதியைப் புரட்டினார். வெயில் ஏறியது. கடைசியில் கோதிக்கில் கிடைத்தது: வாசல் காவலன். வாசலில் நின்றவளைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். அந்த மகிழ்ச்சியில் வண்டியும் கொடுத்தார். வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது.

கிளப்பில் பேச்சு நன்றாக அமைந்தது என்று பிறகு சொன்னார். பேசி முடித்ததும் ஒரு துரை அவரை ஐஸ் கொண்டுவரச் சொன்னாராம்.

அவருடைய அகராதி எனக்கு வந்தது, கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன். அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அங்கம்மா சொன்னதை மட்டும்தான். அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்று கேட்டேன். பால் வாளியை இறக்கி வைத்து யோசித்தாள்.

"வண்டி குடுத்தாருங்க. இல்லாட்டி அவ்வளவு தூரம் புள்ளயத் தூக்கிக்கிட்டுல்ல திரும்பி நடந்திருக்கணும்."