வைரவரிடம் வைத்த மருந்து

எங்கள் அப்பா இருமினால் அது அப்பாவின் குரலாக இருக்காது. அவருக்குள் வேறு யாரோ குடியிருந்து வழி தேடுவதுபோல இருக்கும். வட்டக்கச்சியில் நெல் ஆலையொன்றில் பல வருடம் உமித்தூசு குடித்த நெஞ்சு அது.

சளியை இளக்குவதற்கு ஆசுபத்திரியில் ஒரு தூள் கொடுத்தார்கள். சின்னச் சின்னப் பைக்கற்றுகள். தண்ணீரில் போட்டால் நுரைத்து, கூழ்முட்டை மணம் எழும்பும்.

"இஞ்சாரும், கூழ்முட்டையைக் கரைச்சே தாறீர்?" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

"கதையாமல் குடியுங்கோ" என்பார் அம்மா.

குடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பது விழித்துக்கொள்ளும். இருமி இருமிச் சிரட்டையில் துப்புவார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தூள்தான் அதற்குச் சாப்பாடு என்று முடிவுகட்டினேன்.

வீட்டு வளவு மூலையில், பாலை மரத்தடியில் சூலம் நட்டு வைரவரைக் கும்பிட்டு வந்தோம். இருந்த பைக்கற்றுகள் எல்லாவற்றையும் சூலத்தடியில் புதைத்து, "அப்பான்ர இருமலை நீங்களே வைச்சிருங்கோ" என்று ஒப்படைத்தேன்.

"பிள்ளை, அப்பான்ர மருந்தைக் கண்டனியோ?"

"இல்லையம்மா."

"கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள்தானே, சமாளிப்பம்" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் இருமல் நின்றது. இலை விழுவதுகூடக் கேட்கும் அமைதி. மத்தியானம், அம்மா வயலில். அப்பா படுக்காமல் கதிரையில் நிமிர்ந்தே இருந்தார். நாவற்பழம் தின்றவர்போல உதடு. என்னையே பார்த்தார், ஒன்றும் கதைக்கவில்லை.

வைரவர் கேட்டுவிட்டார் என்று கற்பூரத்தோடு ஓடினேன். முதல்நாள் மழைக்கு நனைந்த மண்ணிலிருந்து அதே மணம் வந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். வீட்டுப் பக்கமிருந்து டக், டக் என்று சத்தம். உள்ளே இருந்தது இறங்கிப் போகிறது என்று மேல் சிலிர்த்தது. கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு இல்லை.

அம்மா வந்து குழறிய குரலில்தான் கண் திறந்தேன். ஓட்டோ பிடித்து ஏற்றினார்கள்.

"சளி இறுகி அடைச்சிட்டுது. அதை இருமி வெளியில எடுக்கத்தானே மருந்து? ஏன் விட்டனீங்கள்?" என்று ஆசுபத்திரியில் தாதி மிஸி அம்மாவை ஏசினார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

வைரவர் கைவிடவில்லை, அப்பா பிழைத்து வந்தார். வந்த அன்று கதிரையின் கைப்பிடியை மோதிரம் போட்ட விரலால் தட்டிக் காட்டினார். டக், டக்.

"கதைக்க மூச்சில்லை பிள்ளை. உன்னைத்தான் கூப்பிட்டனான்."

இன்றும் தவறாமல் வைரவருக்கு விளக்கு வைக்கிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.