சூசை எனக்கு யார் என்று கேட்டவர்களுக்கு

சூசை போய்விட்டான்.

நேற்றுப் பின்னேரம் அவன் மகள் போன் எடுத்தாள். "பெரியப்பா..." என்றாள்.

அடுத்த கிழமை நத்தார், இயேசு பிறப்பு. அதுவரைக்கும் பொறுக்கவில்லை...

குருநகர்ச் சூசையை இங்கே பலருக்குத் தெரியாது. கடற்தொழில் செய்தவன். வேதக்காரன், கிறிஸ்தவன். நான் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற சைவன். சண்டைக் காலத்தில் கரையோரத்தில் இருக்க முடியாமல் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து, எங்கள் வளவில் புகையிலை போடுகிற குடிலில் இருந்தான். அப்படித்தான் பழக்கம்.

அந்த வருடமும் நத்தார் வந்தது. பாலன் குடில் வைக்க மாட்டுக்கொட்டிலில் ஒரு மூலை தருவீங்களோ என்று கேட்டான்.

"மாட்டை அவிழ்க்க மாட்டன்" என்றேன். நான் அப்படித்தான்.

"வேண்டாம் அண்ணை, நிக்கட்டும். பெத்லகேமிலையும் நிண்டதுதானே."

வைக்கோல் பரப்பி, களிமண்ணில் செய்த பாலனைப் படுக்க வைத்தார்கள். விடிய எழும்பிப் பார்த்தால்... வைக்கோல் முழுவதையும் எங்கள் சிவப்பி தின்றுவிட்டது. பாலன் வெறும் நிலத்தில்.

சூசையின் மனைவி றோஸ் தலையில் கை வைத்தாள். "ஐயோ மாதாவே, பிள்ளையின்ரை படுக்கையைத் திண்டிட்டுது!"

சூசைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உது சைவ மாடு. விரதம் இருந்து பாறணை முடிச்சிருக்கு."

என் மனைவி உள்ளே போனாள். தன் பருத்திச் சேலை ஒன்றை மடித்துக் கொண்டுவந்து பாலனுக்குக் கீழே விரித்தாள்.

மார்கழிப் பூசைக் காலம். எங்கள் வீட்டில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நத்தார் அன்று அவர்கள் இருந்த குடிலில் மீன் மணக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. கடற்கரைச் சனம் நத்தாருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டது.

குருநகருக்குத் திரும்பிப் போன பிறகும் ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் கொண்டு வருவான். றோஸ் எனக்கென்று முட்டை போடாமல் தனியாகச் செய்தது. கல்லு மாதிரி இருக்கும்.

"உதால எறிஞ்சால் நாய் சாகும்" என்பேன்.

"எறியாதேங்கோ அண்ணை, நாய் பாவம். நீங்களே சாப்பிடுங்கோ."

என் மனைவி போனதும் ஒரு மார்கழியில்தான். நத்தார் அன்று எடுத்தோம். சொந்தக்காரர் சிலர் மழை என்று வரவில்லை. அவர்களை நான் மறக்கவில்லை, இன்னும் கதைப்பதுமில்லை. சூசை நத்தார்ச் சட்டையோடு நனைந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான்.

"இண்டைக்கு நீ உன்ரை வீட்டிலையெல்லோ நிக்கவேணும்" என்றேன்.

"பாலன் அடுத்த வருசமும் பிறப்பார் அண்ணை. அக்காவை இண்டைக்குத்தானே கொண்டுபோகலாம்."

இன்று பின்னேரம் அவனுக்குத் தேவாலயத்தில் பூசை. பிறகு சேமக்காலையில் அடக்கம்.

நாளை விடிய எங்கள் கோயிலில் மார்கழிப் பூசை. நாளைய உபயம் எங்கள் குடும்பத்துடையது. அப்பாவுக்கும் முந்திய காலத்திலிருந்து.

இன்று காலமை கோயில் செயலாளர் போன் எடுத்தார். நான் செத்தவீட்டுக்குப் போகப்போவதைக் கேள்விப்பட்டாராம்.

"ஐயா, அந்தாள் உங்களுக்கு இனசனம் இல்லைத்தானே? அப்ப துடக்குத் தீட்டு ஒண்டும் இல்லை. முழுகிப்போட்டு வந்து உபயத்தைச் செய்யலாம். கமிற்றியோடை நான் கதைக்கிறன். 'சூசை எனக்குச் சொந்தமில்லை' எண்டு நீங்கள் ஒரு சொல் சொன்னால் காணும்."

நல்ல மனுசன்தான். எனக்கு வழி விடத்தான் அப்படிக் கேட்டார்.

ஒரு சொல்தானே... வாயில் வரவில்லை.

"இனசனம்தான்" என்றேன்.

"விளையாடாதேங்கோ ஐயா. வேதக்காரன் எப்பிடி உங்களுக்கு இனசனம்? உபயத்துக்கு வேற ஆக்கள் கேட்டுக்கொண்டு நிக்கினம். விட்டால் திரும்பிக் கிடையாது."

"குடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் நான் கனகாலம் போனதில்லை. சைவம் நானாகத் தேடிப் படித்தது. அதை எனக்கு யாரும் படிப்பிக்க வரவேண்டாம்.

கீழே வந்து 'மதமாற்றம்' என்று கொமென்ற் போடுகிறவர்கள் போடுங்கள். சூசை ஒருநாளும் என் திருநீற்றைப் பற்றிக் கதைத்ததில்லை. நானும் அவன் கழுத்துச் சிலுவையைப் பற்றிக் கதைத்ததில்லை. எங்களுக்குக் கதைக்க வேறு நிறைய இருந்தது.

இனசனம் செத்தால் எங்களுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் முடியும்வரைக்கும் நான் கோயில் வாசல் மிதிக்கமாட்டேன். நாளைக்கு எங்கள் உபயத்தில் வேறு யாரோ நிற்பார்கள். மணிச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும்... கேட்கட்டும்.

ஓட்டோ வந்துவிட்டது. திருநீறு பூசிக்கொண்டுதான் போகிறேன்.

போய் வா, தம்பி. சேமக்காலை வரைக்கும் நான் வாறன்.