பந்து கிடைக்காத வாரம்

தைலத்தின் மணம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆக்லாந்தின் ரானுயி சமூகக் கூடத்தின் வாசலில் அன்று என்னைத் தொட்டது மணம் அல்ல. மூக்கினுள்ளே குளிர்ச்சியாக ஒரு குத்தல். உள்ளே யாரோ முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்திருந்தார்கள். மணங்கள் என்னை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் குத்தலில் திருச்சிக் கல்லூரி மைதானம் வந்தது. ஆட்டம் தொடங்குமுன் நிலைகொள்ளாமல் தத்திக்கொண்டிருந்த என் பழைய கால்கள் வந்தன.

எல்லாம் மூக்கில்தான் தொடங்கியது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. பக்கத்து அறையில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். "மூக்க எங்கங்க அடகு வெச்சீங்க?" என்று கத்திக்கொண்டு ஓடினாள் என் மனைவி கலா. இருவரும் சிரித்தோம். பிறகு என் கையெழுத்து எறும்பளவாகச் சுருங்கியது. பிறகு வலது தோள் இறுகியது. நரம்பியல் மருத்துவர் என்னை நடைக்கூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார் (உடலசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துகொண்டே போகும் நோய்).

நடுக்கம்தான் இந்த நோய் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது உறைதல் (நடக்க நினைத்தும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்வது). வாசல்களில்தான் அது காத்திருக்கும். ஆல்பனி அலுவலகத்தில் லிஃப்ட் எனக்காகத் திறந்தது, பொறுத்துப் பார்த்தது, மூடிக்கொண்டது. மனம் உள்ளே ஏறிவிட்டது, கால் வரவில்லை. ஓடிக்கொண்டே நிற்பது. இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு முறை விழுந்தேன். "இன்னொரு முறை விழுந்தால் சக்கர நாற்காலியைப் பற்றிப் பேசவேண்டும்" என்றார் மருத்துவர். விழாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வீட்டைவிட்டு வெளியே போகாமலிருப்பது. கலா விடவில்லை. பார்க்கின்சன் உள்ளவர்களின் உடற்பயிற்சிக் குழு கூடும் அந்தக் கூடத்துக்குக் காரில் கூட்டிவந்தாள். வாசலில் உறைந்தேன்.

"என்னங்க, வாசப்படி விசா கேக்குதா?" என்றாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

உள்ளே தைலக்காரரும் என்னைப்போலவே நடுக்கூடத்தில் நட்டுவைத்த கம்பமாக நின்றிருந்தார். எண்பதை நெருங்கிய ஸ்காட்லாந்துக்காரர், பெயர் ஜிம். பயிற்சி தரும் வாசுகி யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு பந்தை ஜிம்மின் காலடிக்கு உருட்டினார். ஜிம் உதைத்தார். உதைத்த வேகத்தில் அடுத்த கால் வந்தது. நடந்துவிட்டார்.

"பாத்தீங்களே அண்ணா? மூளையில தானா நடக்கிற வழிதான் அடைபட்டுக் கிடக்கு. கண்ணால பாத்துப் போற வழி திறந்துதான் இருக்கு. இப்ப உங்களுக்கு உருட்டுறன்."

"விழுந்துட்டேன்னா?"

"ஓம், விழுந்தா பெனால்டி கேப்பம். உதையுங்கோ!"

உதைத்தேன். நிமிர்ந்தபோது வாசல் எனக்குப் பின்னால் இருந்தது.

(பந்து எல்லாருக்கும் பொருந்தாது. சிலரை அதுவே தள்ளிவிடும். பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் வீட்டில் முயலவேண்டாம்.)

தேநீர் வேளையில் ஜிம் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். ஜிம்மின் ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் தமிழாகிறது: "வாரம் பூரா பயிற்சியாளன் பந்தைக் கண்ணுலயே காட்ட மாட்டான். மைதானத்தைச் சுத்தி ஓடு, ஓடுன்னு ஒரே ஓட்டம். பந்து அலமாரியில பூட்டிக் கிடக்கும். பந்துக்குப் பசியெடுத்தாத்தான் சனிக்கிழமை ஆட்டத்துல பாய்வானாம்!" பசி தாங்காத அப்பா, கிழிந்த காலுறைகளைச் சுருட்டிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புச் சந்துகளில் உதைத்தபடியே வீடு திரும்புவாராம்.

ஒருமுறை நாட்டு அணியோடு ரயிலேறினார், மாற்று ஆளாக. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. பெரிய கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. பெரிய கால்பந்துச் சங்கம் கைவிட்டது, சிறிய சங்கம் எடுத்தது, அதனினும் சிறியது. போர் வந்து மீதியையும் முடித்தது. அதன்பின் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குக் கப்பல், துறைமுகத்தில் மூட்டை. கடைசி நாட்களில் நாற்காலியில் தூங்கும்போதும் கம்பளிக்கு அடியில் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தனவாம்.

"நமக்கும் அதே பயிற்சியாளன்தான் வாய்ச்சிருக்கான்" என்றார் ஜிம்.

அன்றுமுதல் லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் மாத்திரை) வேலை செய்யும் நேரத்துக்கு எங்களிடையே சனிக்கிழமை என்று பெயர். வெஸ்ட்கேட் கடைத்தெருவில் கலாவோடு நடக்கையில் ஜிம்மைக் கண்டால், "சனிக்கிழமையா?" என்பேன். "இன்னும் வியாழன்தான், ஓட்டம்" என்பார், சுவரைப் பிடித்தபடி.

என் நாட்கள் இன்று காலை, மாலை என்று நகர்வதில்லை. ஒரு பகலுக்குள் பல வாரங்கள் வந்துபோகின்றன. பூட்டிய அலமாரி, திறந்த அலமாரி. உடல் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. அது அவ்வப்போது எனக்குத் தரப்படுகிறது. தரப்பட்ட நேரத்தில் உட்கார முடிவதில்லை. எழுதுகிறேன், பாத்திரம் துலக்குகிறேன், வாசல் வாசலாகப் போய்வருகிறேன்.

தனியாக வாழ முடியாத நிலை வந்ததும் ஜிம்மைத் தெற்குத் தீவுக்கு அழைத்துப்போக மகள் வந்தாள். மழை பிடித்திருந்த ஒரு புதன்கிழமை. கூடத்து வாசலில் ஜிம் உறைந்தார். பின்னால் நின்ற நான் அவர் கால்களைத் தாண்டிப் பந்தை உருட்டினேன். அவர் உதைத்தார், வெளியே போய்விட்டார். பந்து கார்ச் சக்கரத்தில் முட்டி அவர் காலடியிலேயே நின்றது.

நான் வாசற்படியில் இருந்தேன். மாத்திரையின் வேகம் அடங்கியிருந்தது. வலது பாதம் படியோடு இறுகிவிட்டது. கலா குடையை எறிந்துவிட்டுக் கையை நீட்டியபடி ஓடிவந்தாள். ஜிம் ஒரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். குட்டிக்குட்டி அடியாக வைத்து, மெல்ல, மிக மெல்ல, உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார். மகள் நேரமாகிறது என்றாள். அவர் கேட்கவில்லை. பந்தை என் காலுக்குத் தட்டிவிட்டார்.

"புதன்கிழமைன்னு எவன் சொன்னான்? இன்னைக்குச் சனிக்கிழமை. வா."