முதல் ஷிப்டுக்கு வந்த மான்

எண்ணூர்ப் பக்கம் பழுதான எந்தக் கருவியையும் என்னிடம் கொண்டுவாருங்கள், இரண்டு நாளில் ஓட வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், உண்மையும் அதுதான். ஆலையில் எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் வேலை. அழுத்தம், சூடு, தண்ணீர் மட்டம் காட்டுகிற முள்ளெல்லாம் என் பொறுப்பு. ஒரு முள் பொய் சொல்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எதையும் நேரம் போட்டு, இடம் போட்டு, நம்பர் போட்டு எழுதி வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட சமையலறைச் சுவரில் எழுதி மனைவியிடம் திட்டு வாங்குவேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஆலை கழிமுகத்தை ஒட்டி இருந்தது. பாதி நிலத்தில் ஆலை, மீதிப் பாதியில் வேலிகாத்தான் முள்காடு. எந்தக் காலத்திலோ ஒரு பெரிய அதிகாரி, விருந்தினர் விடுதிக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு ஜோடி புள்ளிமானை வேலிக்குள் வளர்த்தாராம். ஒரு புயலில் வேலி சாய்ந்தது, மான்கள் காட்டுக்குள் போய்விட்டன. அவை இன்னும் இருக்கின்றன என்று ஆலையில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். நான் சத்தியம் செய்கிற கட்சி. கூலிங் டவருக்குப் பின்னால் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் உப்புத்தண்ணி, அந்த ஒழுகல் ஒன்றுதான் நல்ல தண்ணி. காலையில் ரீடிங் எடுக்கப் போகும்போது அங்கே மான் குடிப்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதுகிற நான் அந்த ஒழுகலை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் முள்காட்டை அழித்து இரண்டாவது ஷெட் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் புல்டோசர் இறங்கும். மான்கள் என்ன ஆகும் என்று நிர்வாக அதிகாரியிடம் கேட்டேன். "மானாவது ஒண்ணாவது. அதெல்லாம் செத்து வருஷமாச்சு. நீங்க பார்த்தது ஆடா இருக்கும்" என்றார். நான் பார்த்ததை ஆடு என்று சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. லீவு போட்டுவிட்டு வனத்துறை ரேஞ்சரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வாய்வார்த்தைய வச்சு ஆள் அனுப்ப முடியாதுங்க. எத்தனை இருக்கு, எங்க வருது, எப்ப வருதுன்னு போட்டோவோட கொடுங்க. மழை முடிஞ்சதும் வலையோட வந்து பத்திரமா வேற இடத்துக்குக் கொண்டுபோயிடறோம். புல்டோசருக்கு முன்னாடி நாங்க இருப்போம்" என்றார். எத்தனை, எங்கே, எப்போது என்று என்னைப் பார்த்துக் கேட்டால் நான் விடுவேனா?

வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் சீசனுக்கு முன்னால் காட்டில் ஆளில்லாத கேமராவைக் கட்டிவைத்து மான் வரும் வழியை வேவு பார்ப்பார்கள் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அதை இங்கே எவனிடம் போய் வாங்குவது? நானே செய்தேன். மூட்டை எண்ணுகிற கன்வேயரிலிருந்து கழித்துப்போட்ட ஒளிக்கண் ஒரு ஜோடி, பழைய வால்வில் இருந்த சின்னக் காந்தச் சுருள், ஸ்கூட்டர் பேட்டரி, தேதியும் நேரமும் படத்தின் மூலையில் விழுகிற ஒரு ஃபிலிம் கேமரா. குறுக்கே ஏதாவது போனால் ஒளி மறையும், சுருள் இழுக்கும், பொத்தான் அமுங்கும். மழைக்குத் தாங்க எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் குழாய்க்கு எதிரே கட்டினேன்.

முதல் ரோலைத் திருவொற்றியூரில் ஸ்டுடியோ வைத்திருந்த என் பள்ளிக்கூடத் தோஸ்திடம் கழுவக் கொடுத்தேன். மறுநாள் போனால் கடை வாசலிலேயே நின்று சிரிக்கிறான்.

"இன்னா மாமு, எருமைக்குக் கல்யாணமா? முப்பத்தாறு படத்துலயும் அதே எருமை, அதே போஸு. ஒன்னுல மட்டும் கண்ண மூடிக்கினு கீது."

எங்கிருந்தோ வந்த எருமை ஒளிக்கு நடுவே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஒரு படம். மூக்குடைந்ததுதான், ஆனாலும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன். ஒரு படம் விழுந்தால் பத்து நிமிடம் ஓய்வெடுக்கும்படி டைமர் ஒன்றைச் சேர்த்தேன். அடுத்த ரோலில் எட்டாவது படத்தில் மான் நின்றது. நீரிலிருந்து வாயை எடுத்து, ஈரம் சொட்டும் தாடையோடு, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. ஸ்டுடியோவிலேயே விசில் அடித்தேன். தோஸ்து என்னை விடச் சத்தமாக அடித்தான்.

இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மான்களை அவற்றுக்கே தெரிந்திருக்காது. புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் பிரித்துவிடலாம். மொத்தம் ஏழு. வால்வுக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்தேன். நூற்று ஒன்று முதல் நூற்று ஏழு வரை. நூற்று ஒன்று ஒரு இளம் ஆண்மான். காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் அதுதான் முதலில் தண்ணீருக்கு வரும், மற்றவை அதன் பின்னால் வரும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எங்கள் பிரிவில் பாதிப் பேர் அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை என்பதால் அதற்கு முதல் ஷிப்ட் என்று பெயர் வைத்தேன். அதன் மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் விழுந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. ஆண்டுக்கு ஒரு நாள், அன்றைக்குத்தான் குடும்பத்தை ஆலைக்குள் கூட்டிவர பாஸ் தருவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும், தூணுக்குத் தூண் வாழைக்கன்று, வருகிறவர்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம். ஒவ்வொரு பிரிவும் தன் சாமர்த்தியத்தை ஒரு மேஜையில் பரப்பி வைக்கும். அந்த வருடம் எங்கள் மேஜையில் மான்கள். ஏழு மான்களின் படத்தையும் நம்பர் வாரியாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் வரும் நேரம் எழுதி, பக்கத்தில் பெரிய தாளில் வரைபடம் போட்டிருந்தேன். குழாய் எங்கே, கேமரா எங்கே, மான் வரும் தடம் எது, நாய்கள் நுழைகிற உடைந்த மதில் எது என்று எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. மான்கள் செத்துப்போய்விட்டன என்ற நிர்வாக அதிகாரி மேஜை முன்னால் நின்று பொரி தின்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

என் பாஸில் மனைவியோடு அவள் தம்பியும் வந்திருந்தான். மாத்தூரில் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கம் முயலுக்குக் கண்ணி வைப்பான். அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவன் வரைபடத்தைப் பார்த்தான்.

"மாமா, இது கரீட்டா ஆறு மணிக்கே வந்துருமா?"

"ஆறு அஞ்சு தாண்டாது மச்சான். அத்தப் பாத்துக் கடியாரத்தத் திருத்திக்கலாம்."

"செவுரு ஒடைஞ்ச எடம் இதானா?"

"ஆமா, நாய் வர்ற வழி" என்று விரலை வைத்துக் காட்டினேன். மாமா எவ்வளவு பெரிய ஆள் என்று அவன் வியக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்காக இன்னொரு முறை விளக்கிச் சொன்னேன்.

பூஜை முடிந்த மறுநாள் தோஸ்து இன்னொரு கேமரா கொடுத்தான். பழையது, ஃபிளாஷ் செத்தது, பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கும், ஆனால் தேதியும் நேரமும் விழும். நாய்களைக் கணக்கெடுக்கலாம் என்று இன்னொரு ஒளிக்கண்ணோடு அதை உடைந்த மதிலருகே புதருக்குள் கட்டினேன். இது வரைபடத்தில் இல்லை. கூலிங் டவர் இரைச்சலில் கேமரா சத்தமும் யாருக்கும் கேட்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வீட்டுக்கு வந்தான், கையில் நாலடுக்கு டிபன் கேரியரோடு.

"இன்னா கறிடா?" என்றாள் என் மனைவி.

"ஆட்டுக்கறிதான்க்கா. ஒர்க்‌ஷாப்புல படையல் போட்டாங்க."

மிளகு தூக்கலாக, சுண்டச் சுண்ட வறுத்திருந்தான். நான் எலும்பைக்கூட விடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி இழுத்து இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். இந்த மாதிரி கறி தின்று எத்தனை நாளாயிற்று என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனபோது தோஸ்து கிண்டல் பண்ணவில்லை. இரண்டு ரோலின் படங்களையும் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

"மாமு, இத்த நீ உள்ளாற போய் தனியா பாரு" என்றான்.

தண்ணீர்க் கேமராவில் சனிக்கிழமைக்குப் பிறகு ஆறு மான்தான் இருந்தன. எத்தனை முறை புரட்டினாலும் ஆறுதான். நூற்று ஒன்று இல்லை. மதில் கேமராவில் முதல் பதினைந்து படமும் நாய்கள். பதினாறாவது படத்தில் மச்சான். தோளில் கனத்த கோணிப்பை, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கால், கையில் கண்ணியாகச் சுருட்டிய கிளட்ச் ஒயர். மூலையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி, நேரம் காலை ஆறு இருபத்தைந்து. நான் சொன்ன நேரத்தை நம்பி வந்திருக்கிறான், நான் காட்டிய வழியில் போயிருக்கிறான். அன்று மதியம் நான் கேட்டு வாங்கித் தின்றது ஆட்டுக்கறி இல்லை. அவன் மேல் வந்த கோபத்தை விட என் மேல் வந்த அருவருப்புதான் அதிகம்.

பேருந்தில் வரும்போது மூளை வேறு கணக்குப் போட்டது. பதினாறாவது நெகட்டிவைக் கத்தரித்துவிடலாம். ஆறு என்று எழுதிக் கொடுத்துவிடலாம், முன்பு ஏழு என்றது எண்ணியதில் பிசகு என்று சொல்லிவிடலாம். மச்சானுக்கு வழக்கு இல்லை, என் வேலைக்கு ஆபத்தில்லை, ஆறு மானும் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்? வீட்டுக்குள் நுழையும்போது முடிவே செய்துவிட்டேன். ஆனால் படத்தை ஒளிக்கும் அளவுக்கு எனக்கு முகம் பழகவில்லை. என் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள், படத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவள் படத்தில் தம்பியைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த அந்தக் கேரியரை எடுத்துப் பின்வாசலில் வீசினாள்.

"உன் தம்பியாச்சேன்னு பாக்கறேன்" என்றேன்.

"என் தம்பின்னா இன்னா? வழி காமிச்சவன் நீ. புட்சவன் அவன். ரெண்டு பேரும் போய்ச் சொல்லுங்க. நீ பொய்க் கணக்கு எழுதிக் குட்த்துட்டு வந்து இந்த வூட்ல எப்புடி சோறு துன்னுவே?"

மறுநாள் காலையிலேயே மாத்தூருக்குப் போய் அவனைச் சட்டையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றியவள் அவள்தான். அங்கிருந்து நேராக ரேஞ்சர் ஆபீஸ்.

பிறகு நடந்தது நடந்தது. மச்சான் மேல் வழக்குப் போட்டார்கள். ஆலையில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். ரேஞ்சர் சொன்ன சொல் தவறாமல் தை மாதம் வலையோடு வந்து ஆறு மானையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். புல்டோசர் வந்தபோது காட்டில் முள் மட்டும்தான் இருந்தது. அந்த வேலையை நான் செய்தேன் என்று இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன். ஆனால் ரேஞ்சரின் அறையில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணியைச் சொல்லாமல் அதைச் சொன்னதில்லை.

அவர் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மெச்சிக்கொண்டே வந்தவர் கடைசியில் நிமிர்ந்தார்.

"பிரமாதமா பண்ணியிருக்கீங்க. ஆனா ஏழு நம்பர் போட்டிருக்கீங்க, இந்த வாரத்துல ஆறுதான் வருது. நூத்தி ஒண்ணு என்னாச்சு?"

பதினாறாவது படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தார்.

"அவன் மேல மட்டும் எழுதாதீங்க சார்" என்றேன். "வழி சொன்னது நான். தின்னதும் நான்தான்."

"தெரியாம சாப்பிட்டிருப்பீங்க" என்றார் ரேஞ்சர், என் மேல் இரங்கி.

அதற்கு நான் தலையாட்டுவதற்குள் மச்சான் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"மாமா ரெண்டாந்தபா கேட்டு வாங்கித் துன்னாரு சார்."

ஆமாம் சார் என்றேன்.