டாக்டரம்மா ஊதிய சனிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று கோயம்புத்தூரையே தள்ளிக்கொண்டு போய்விடுமோ என்று வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. இங்கே ஒரு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் நான் டாக்டர். குடியை விட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது பாதி வேலை. மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்களுக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுப்பது மீதி வேலை. இந்த இரண்டாவது வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு நடந்த கூத்துக்கு அதுதான் காரணம்.

எங்கள் பிரிவில் சனிக்கிழமை என்றால் கல்யாண வீடு மாதிரி கலகலப்பாக இருக்கும். குடியை நிறுத்திப் பல மாதங்கள், சில வருடங்கள் ஆனவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாள். குடும்பத்தோடு வருவார்கள், டிபன் பாக்ஸ் கொண்டு வருவார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கிண்டல் கோஷ்டிக்குத் தலைவர் பொள்ளாச்சியிலிருந்து வரும் ஒரு தேங்காய் வியாபாரி. குடியை நிறுத்தி ஆறு வருடமாயிற்று. வாயைத்தான் இன்னும் நிறுத்தவில்லை.

அங்கே எல்லோரும் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும். செல்போன் அளவுதான் இருக்கும். ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்வார்களே, அந்த வகைதான். மூச்சில் மது இல்லையென்றால் பச்சை விளக்கு, இருந்தால் சிவப்பு. எங்கள் ஆட்கள் அதற்கு நாதஸ்வரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரையும் சந்தேகப்பட்டு ஊதச் சொல்லவில்லை, பிரஷர் பார்க்கிற மாதிரி இதுவும் ஒன்று என்று காட்டுவதற்காக, பல வருடங்களாக முதலில் நான் ஊதுவேன். பச்சை விளக்கு எரியும். “டாக்டரம்மா கச்சேரிய ஆரம்பிச்சுட்டாங்கோ!” என்பார் பொள்ளாச்சிக்காரர். அப்புறம்தான் மற்றவர்கள் ஊதுவார்கள்.

அன்றைக்கு நான் முதலில் ஊதவில்லை. மறுபடி குடிக்க ஆரம்பித்தவர்கள் அதை எப்படியெல்லாம் மறைப்பார்கள் என்று மாடியில் நான்கு மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை. அரை மணி நேரம் தாமதமாக அவர்களையும் அழைத்துக்கொண்டு கீழே ஹாலுக்கு இறங்கி வந்து, நேராக முதல் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன். ஊரெல்லாம் சளிக் காய்ச்சல் என்பதால் அன்று காலைதான் புதிதாக ஓர் உத்தரவும் போட்டிருந்தேன். மெஷினைத் தொடுவதற்கு முன் எல்லோரும் கையில் சானிடைசர் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் டோக்கன் ஒரு டிரைவர். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மனைவியோடு வந்திருந்தார். குடியால் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையை இழந்தவர். எட்டு மாதமாகக் குடிக்காமல், ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் மற்றவர்களின் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக்காரர்கள் மனமிறங்கி, டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் திங்கட்கிழமையிலிருந்து வேனை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் விடியற்காலையிலேயே வந்து முதல் டோக்கன் வாங்கியிருந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தர முடியாது. ஆனால் இவர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. கடிதத்தை முதல் நாளே டைப் செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன்.

அவர் கையைத் தேய்த்துக்கொண்டு, மெஷினை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதினார். சிவப்பு.

இப்போது நினைத்தாலும் கூசுகிறது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாணவர்கள் பக்கம்தான் திரும்பினேன். மாடியில் சொன்ன பாடத்துக்கு இப்படிக் கைமேல் உதாரணம் கிடைக்குமா! “பார்த்துக்கோங்க, மனுஷன் பொய் சொல்றதில்ல, நோய்தான் அவர் வாயால பொய் சொல்லும்” என்றேன். நல்ல வசனம். நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

“நான் குடிக்கலீங்க மேடம்” என்றார் அவர்.

இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! கனிவாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துவது உண்டு. கோபப்படாதீர்கள், குற்றம் சாட்டாதீர்கள், கனிவாக இருங்கள் என்பேன். அதன்படியே கனிவாக, கடிதத்தை இப்போது தர முடியாது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் மெஷினை மேஜையில் வைத்தார். பிறகு, “சரீங்க மேடம்” என்று எழுந்துவிட்டார். ‘மீண்டும் குடிக்கத் தொடங்கியுள்ளார், மறுக்கிறார்’ என்று ஒரு மாணவர் ஃபைலில் எழுதியும் முடித்துவிட்டார்.

அவர் எழுந்தார். அவர் மனைவி எழவில்லை.

“ஏனுங்க டாக்டரம்மா, இன்னைக்கு நீங்க ஊதலீங்களே?”

“நேரமாயிடுச்சும்மா.”

“இருக்கட்டுமுங்க. வாரா வாரம் நீங்க ஊதித்தானே எங்களுக்குத் தகிரியம் சொல்லுவீங்க? இன்னைக்கும் ஊதிப்போடுங்க. அப்பறம் நாங்க ஒண்ணுமே பேசாம ஊட்டுக்குப் போயிர்றோம்.”

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் நான் ஊதாமல் அந்த அம்மா நாற்காலியை விட்டு அசையப் போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. சரி, மாணவர்களுக்கு இதுவும் ஒரு பாடம்தான் என்று பெருந்தன்மையோடு கையில் சானிடைசரைத் தேய்த்து, மெஷினில் வாய் வைத்து ஊதுகிற புதுக் குழாயை மாட்டி, நீளமாக ஊதினேன்.

சிவப்பு.

ஹாலில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை கண்ணும் என் மேல்தான். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவள். விசேஷ வீட்டில் கொடுக்கிற திராட்சை ஜூஸைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவள்.

“நான் குடிக்கல!” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கீச்சென்று, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. அதைக் கேட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

பொள்ளாச்சிக்காரர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். “மொத நாளு அப்படித்தானுங்க டாக்டரம்மா இருக்கும். பயந்துக்காதீங்க. நாங்கெல்லாம் இருக்கோமுங்க.”

அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் விடுவதாக இல்லை. நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை என் தொனியிலேயே, ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். “கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க? ஊட்டுல ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா? சேர்க்கை சரியில்லீங்களோ?” நான்கு மாணவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சேர்க்கைதானுங்க” என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

என் மாணவிகளில் ஒருத்தி அருகில் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே கனிவோடு, சிரிப்பும் அச்சு அசலாக என்னுடையதுதான், “மேடம், இருமல் மருந்து ஏதாவது குடிச்சீங்களா?” என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! “என்னைப் பார்த்தா குடிச்சவ மாதிரியா இருக்கு?” என்று சீறினேன். அதுவும் நான் ஆயிரம் தடவை கேட்ட வசனம்தான்.

குழப்பத்தைத் தீர்த்து வைத்தது, இருபது வருடமாக எங்கள் பிரிவில் இருக்கும் நர்ஸ். “மேடம், கையை மோந்து பாருங்க” என்றார். பார்த்தேன். சுள்ளென்று ஏறியது. சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். அது காய்வதற்குள் மெஷினைப் பொத்திப் பிடித்து ஊதியதால், கையிலிருந்து கிளம்பிய ஆவி உள்ளே போயிருக்கிறது. உத்தரவு போட்ட மகராசி நானேதான்.

இது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே முடிவுக்கு வராதே, வாயையும் கையையும் கழுவச் சொல், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். டிரைவருக்கு ஏன் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தரவில்லை? யோசித்துப் பார்த்தால் ஒரே பதில்தான். அவர் குடித்திருந்தால் என் பாடத்துக்கு வசதியாக இருந்தது.

அவரும் நானும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பொள்ளாச்சிக்காரர் வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்பயர் மாதிரி எதிரே நின்றார். பத்து நிமிடத்தில் எழப் பார்த்தேன். “இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குதுங்க, உக்காருங்க” என்று உட்கார வைத்துவிட்டார்.

டிரைவரிடம் ஒன்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. “நீங்க குடிக்கலேன்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் சரீங்கன்னு எழுந்துட்டீங்க? இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “என்னன்னுங்க மேடம் சொல்றது? குடிச்சுப்போட்டு வந்த காலத்துலயும் குடிக்கலீங்கன்னுதான் சொன்னேன். சாமி மேல, புள்ளைங்க மேல சத்தியமெல்லாம் அப்பவே பண்ணிப்போட்டேனுங்க. இப்ப நெசத்தச் சொல்றதுக்குன்னு தனியா என்ற கிட்ட வார்த்தை ஏதுங்க?”

பதினெட்டு வருட அனுபவம், அலமாரி நிறையப் புத்தகங்கள். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவரே மறுபடி பேசினார்.

“ஆனா நீங்க குடிக்கலேன்னு சொன்னீங்கள்ல, நான் உடனே நம்பிப்போட்டேனுங்க.”

“எப்படி? அப்ப சானிடைசர் விஷயம்கூடத் தெரியாதே.”

“நீங்க சொன்னீங்களே மேடம். அதானுங்க.”

நேரம் முடிந்தது. முதலில் அவர் ஊதினார். பச்சை. ஹாலில் இருந்தவர்கள் கைதட்டியது மாடி வரை கேட்டிருக்கும். அடுத்து நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒன்றும் குடிக்கவில்லை என்று தெரிந்தும் அடித்தது. இந்தப் படபடப்போடுதான் இவர்கள் வாரா வாரம் இதை வாயில் வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் பச்சை எரிந்தது. “ரெண்டு பேரும் பாஸுங்கோ!” என்று கத்தினார் பொள்ளாச்சிக்காரர்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபைலை வாங்கி, மாணவர் எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்து, கீழே ‘டாக்டரின் தவறு’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவரிடம் எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்க” என்று நெளிந்தார்.

அவர் மனைவிக்கு அந்த நெளிவெல்லாம் இல்லை. கடிதத்தை மடித்துப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். “எம்பட ஊட்டுக்காரரு பொய் சொன்ன நாள்லயெல்லாம் பாவம்னு நம்புனீங்க டாக்டரம்மா. நெசஞ்சொன்ன அன்னைக்குப் பாத்து நம்பாம உட்டுப்போட்டீங்களே! சரி, திங்கக்கெழம வண்டி எடுக்கறாரு. வாரோமுங்க.” எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

அவர் இன்றும் அதே வேனைத்தான் ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்தால், “கையை நல்லாக் கழுவீட்டீங்களா மேடம்?” என்று விசாரிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். புதிதாக வரும் மாணவர்களுக்கு என் முதல் வகுப்பு இப்போது மாடியில் இல்லை, அந்த ஹாலில்தான். நோயாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு ஊதும்படி அந்த மாணவர்களிடம் சொல்வேன். சிவப்பு எரிந்ததும், “நான் குடிக்கல” என்று அவர்கள் ஆளாளுக்குக் கத்துவதைக் கேட்க வேண்டுமே! பொள்ளாச்சிக்காரர் இதற்காகவே வண்டி ஏறி வந்துவிடுகிறார்.

நான் ஏமாந்துவிட்ட நாட்களும் அதற்குப் பிறகு உண்டு. குடித்துவிட்டு வந்து இல்லை என்று சாதித்தவர்களும் உண்டு. இருந்தாலும் இன்று யாராவது என் முன்னால் நின்று “குடிக்கலீங்க” என்று சொன்னால், மெஷின் என்ன காட்டினாலும் முதலில் அவர் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஏனென்றால் நான் அதே வார்த்தையைச் சொல்லி நின்றபோது, நான் நம்ப மறுத்த மனிதர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாமல் என்னை நம்பினார்.