ஊறிக்கொண்டே போன மக்ரோனி

மாலை ஆறு நாற்பதுக்கு நான் மக்ரோனியைச் சட்டியில் கொட்டினேன். எல்லாம் கோணலாகத் தொடங்கியது அப்போதுதான்.

மகள் ஈப்போவில் வேலை முடிந்ததும் 'கிளம்பிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். அரை மணி நேரப் பாதை. கணக்குப்படி அவள் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். வேலையிலிருந்து வருகிறவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது தட்டில் ஆவி பறக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத சட்டம். ரப்பர் தோட்டத்தில் என் அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டவுடன் சோறு போட்டுப் பழகிய வீடு. தோட்டம் போய், ரப்பர் போய், அதே மண்ணில் எண்ணெய்ச் செம்பனை வந்து, பத்து காஜா டவுன் பக்கம் இந்தத் தாமானும் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள். "பாஸ்தாவ கடைசியா போடுங்க பா. நான் வந்து குளிக்கிற நேரம் போதும் அதுக்கு."

சரி என்றேன். ஆனால் மணி ஆறு நாற்பது ஆனதும் என் கை என்னைக் கேட்காமல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது.

அன்றுதான் அவள் மறுபடி மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போன முதல் நாள். ஐந்து மாதங்களுக்கு முன்னால், செம்பனை லோரிகள் பெரிய ரோட்டுக்கு ஏறும் சிம்பாங் சந்தியில், மழைச் சேற்றில் சறுக்கி விழுந்தாள். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. மருத்துவமனையில் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் கஞ்சி, மைலோ, வடிகட்டிய ரசம், எல்லாமே ஸ்ட்ராவில்தான். கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே கைப்பேசியில் யாரோ சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் ஒன்றுதான் இந்த சூப். பாலும் வெண்ணெயும் ஊற்றி, கோழியும் மக்ரோனியும் போட்டு, கெட்டியாக ஒரு சட்டி. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, கட்டிய வாயோடு "ம்ம்" என்பாள். வாய் திறந்ததும் இதுதான் வேண்டும் என்று அர்த்தம்.

கம்பியை எடுத்த அன்று சமைத்தேன். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஒரே ஒரு மக்ரோனியை உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல மெல்ல மென்றாள். நான் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் விழுங்கிய பிறகுதான் நானும் எச்சில் விழுங்கினேன்.

அதற்குப் பிறகு பல தடவை செய்தாகிவிட்டது. அப்போதெல்லாம் அவள் அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள். "மாவு வாசம் போகட்டும் பா. இப்ப தண்ணி. மெதுவா, மெதுவா! சாம்பாருக்கு ஊத்துற மாதிரி ஊத்தாதீங்க." அன்று நான் தனியாக இருந்தேன். மனைவிக்குக் கையுறை தொழிற்சாலையில் இரவு பத்து வரை ஷிப்ட்.

தனியாக இருந்தாலும் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். வெங்காயம், கேரட், செலரி எல்லாம் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கினேன். கோழித் தொடைக்கறியைச் சிறு துண்டுகளாகப் போட்டேன். கோதுமை மாவைத் தூவிக் கிண்டி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டேன். தேத்தண்ணிக்கு ஊற்றுகிற இனிப்பில்லாத டின் பாலை ஊற்றினேன். மிளகுத் தூள். பிறகு அந்த மக்ரோனி.

பத்து நிமிடத்தில் அது வெந்துவிட்டது. தட்டை எடுத்து வைத்தேன். மோட்டார் சத்தம் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனேன். தெருமுனை வரை யாரும் இல்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தால், சூப் பாதியாக இறங்கியிருந்தது. மக்ரோனி எல்லாப் பாலையும் குடித்துவிட்டுப் பருத்துக் கிடந்தது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். இன்னொரு டின் பாலை உடைத்தேன். மறுபடி கேட்டு. மறுபடி சட்டி. ஒவ்வொரு தடவை நான் தெருவைப் பார்த்துவிட்டு வரும்போதும் அது இன்னும் கெட்டியாகியிருந்தது. நான் ஊற்ற ஊற்ற அது குடித்தது. எட்டுப் பேருக்கான சூப் அடுப்பில் இருந்தது. சாப்பிட வேண்டிய ஒருத்தி இல்லை.

போன் அடிக்கக்கூடாது. அதுதான் எங்களுக்குள் பேச்சு. "அடிச்சா நான் ஓரமா நின்னு எடுக்கணும். அந்த ரோட்டுல நிக்கவே எனக்குப் பிடிக்கல." காலையில் நான், "வேணும்னா நம்ம காடிய ஓட்டிக்கிட்டு பின்னாலயே வாரேன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். "அப்ப நான் வேலைக்கே போகல. நீங்களே நம்பலன்னா நான் எப்படி ஓட்டுவேன்?" நான்தான் ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தேன். தேடிக்கொண்டு போனால் அவள் திரும்ப மோட்டாரைத் தொடமாட்டாள். போகாமல் இருந்து, அவள் அந்தச் சிம்பாங்கில் கிடந்தால்? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் கேட்டுக்கும் சட்டிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வெளியே வந்தார்.

"என்ன அண்ணே, கேட்ட அளந்துக்கிட்டு இருக்கீங்களா?"

"மழை வருமான்னு பாக்குறேன் அக்கா."

"மழை வந்தாச்சுலா. நனைஞ்சிக்கிட்டே நிக்கிறீங்க."

அப்போதுதான் சட்டை நனைந்திருப்பது தெரிந்தது. அக்கா வேலியோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, "மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கும் பிள்ளை. உள்ள போங்க" என்றார். அன்றைக்கு மோட்டாரில் போயிருக்கிறாள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

மனைவி இடைவேளையில் போன் அடித்தாள். "வந்துட்டாளா?"

"வந்துக்கிட்டே இருக்கா."

"சூப்பு?"

"கஞ்சி மாதிரி ஆகுது."

"பால் ஊத்துங்க."

"ஊத்திட்டேன்."

"அப்புறம் என்ன? நெருப்ப அணைச்சுட்டுப் பேசாம உக்காருங்க. கேட்டுக்குப் போகாதீங்க."

"நான் எங்க போனேன்?"

"கேட்டு வாசல் தவளை கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

அவள் பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. "வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றாள். குரல் முன்பு மாதிரி இல்லை.

இருட்டிவிட்டது. நான் சட்டியைத் திறந்தேன். அகப்பை அதில் நட்டுவைத்த மாதிரி நின்றது. அதற்கு மேல் ஊற்றப் பால் இல்லை. காடிச் சாவியை எடுத்தேன். அவள் திட்டட்டும், ஹெல்மெட்டைத் தூக்கி எறியட்டும், இனிமேல் பஸ்ஸிலேயே போகட்டும். காடிக்குள் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினேன். வைப்பர் இரண்டு தடவை அடித்தது. எஞ்சின் சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

அப்போது முதல் வரிசை வீடுகள் பக்கம் ஹாரன் கேட்டது. பாம், பாம். மோட்டாரில் பெட்டி கட்டி ரொட்டி விற்கிற அண்ணன். வழக்கமாக அஞ்சரை மணிக்கே எங்கள் தெருவைக் கடந்துவிடுவார். மழையில் தாமதம் போல. சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாம், பாம். இரண்டாவது வரிசை. அந்த ஹாரனுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. நான் எஞ்சினை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். பழுது பார்த்த பிறகு மகளின் மோட்டாருக்கு ஒரு கறகறப்பு வந்திருக்கிறது. கடைக்காரன் அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். ரொட்டி மோட்டார் நின்றால் அந்தக் கறகறப்பும் நின்ற இடத்திலேயே கேட்டது. நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

நான் காடியை விட்டு இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, கேட்டைத் திறந்து வைத்தேன். இதை எழுதும்போதும் அந்த ஹாரன் காதில் வந்து போகிறது.

முதலில் ரொட்டி அண்ணன் வந்தார், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட. அவருக்குப் பின்னால், பத்தடி தள்ளி, விளக்கைப் போட்டுக்கொண்டு என் மகள்.

"அண்ணே, இன்னைக்கு எனக்கு போலீஸ்காரங்க மாதிரி பின்னால ஆள் வருது பாத்தீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என் பக்கம் குனிந்து சொன்னார். "சிம்பாங் கிட்ட முனியாண்டி கோயில் கொட்டாய்ல நின்னுச்சு பிள்ளை. நானும் மழைக்கு ஒதுங்கினேன். மழை விட்டும் கிளம்பல. அந்த இடத்தைத் தாண்ட முடியலன்னுச்சு. நான் சொன்னேன், ஒவ்வொரு வீட்டுக்கும் நின்னு நின்னுதான் போவேன், பொறுமை இருந்தா என் பின்னாலயே வான்னு. வந்துருச்சுலா."

அத்தனை வீட்டு வாசலிலும் அவர் ரொட்டி விற்று முடிக்கும் வரை அவள் பின்னால் நின்றிருக்கிறாள். ரெண்டு ரொட்டி கொடுங்க என்றேன். மூன்றாகக் கொடுத்துவிட்டு, பாம் பாம் என்று அடுத்த வீட்டுக்குப் போனார்.

மகள் மோட்டாரை உள்ளே தள்ளி நிறுத்தினாள். கை விரல்கள் வெளுத்திருந்தன. உள்ளே போகிற வழியில் காடியின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"காடி சூடா இருக்கு?"

"பேட்டரிக்காக. கொஞ்ச நேரம் ஓட விட்டேன்."

என்னைப் பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போய் மூடியைத் தூக்கினாள். அகப்பை அசையாமல் நின்றது. ஒரு விரலால் அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து, சட்டியிலிருந்தே அள்ளி, வாயைப் பெரிதாகத் திறந்து, இரண்டு பக்கமும் மென்றாள்.

"நாளைக்கும் மோட்டார்லதான் போவேன்" என்றாள், வாயில் ரொட்டியோடு. "பாஸ்தாவ மட்டும் நான் வந்த பிறகு போடுங்க பா."