இரண்டு கேற்றும் ஒரு மாரியும்

1. பழைய பிறஷ்

அன்ரன் எங்கள் பட்டறைக்கு வந்த முதல் நாள், நான் அவனுக்கு மயிர் கொட்டுகிற பெயின்ற் பிறஷ் ஒன்றைக் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். நல்ல பிறஷ் நாலு என் பெட்டிக்குள் இருந்தது.

பட்டறை நீர்வேலியில். வாசல் கேற், ஜன்னல் கிறில், மாடிப்படிக் கைபிடி எல்லாம் அங்கே இரும்பை வெல்டிங் செய்து ஒட்டுவார்கள். ஒட்டினதற்குப் பெயின்ற் அடிக்கிறது என் வேலை. பதினெட்டு வருடம் நான் ஒருவன்தான். உதவிக்கு ஆள் வரும், போகும். பெயின்ற் பாஸ் என்றால் நான்.

பிறகு முதலாளி இவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். குருநகர் ஆள். என்னிலும் பத்து வயது குறைவு. கரையில் வள்ளமும் மீன்வாடி இரும்பும் பூசிப் பழகினவன் என்றார்.

அன்ரன் பிறஷ்ஷை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.  சொரசொரத்த சுவரில் தேய்த்தான். கழன்ற மயிர் எல்லாம் விழுந்தது. மிச்சத்தை நூலால் இறுக்கிக் கட்டினான். அந்தப் பிறஷ்ஷால் ஒரு ஜன்னல் கிறில் முழுக்க அடித்தான். ஒரு மயிர் ஒட்டவில்லை.

முதலாளி பின்னால் நின்று பார்த்தார்.

"கை இருக்கு," என்றார்.

பதினெட்டு வருடத்தில் எனக்கு அவர் நேரத்துக்குச் சம்பளம் தந்தார். வருடப் பிறப்புக்கு உடுப்பு தந்தார். கை இருக்கு என்று சொன்னதில்லை.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. மினுக்கம்

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

மினுங்குகிற குளோஸ் பெயின்ற் கள்ளத்தை மறைக்காது. இரும்பில் ஒரு மேடு பள்ளம் இருந்தால் அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே ஒட்டின இடத்தை நன்றாக அராவ வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ஆன்ரி கொறோசிவ் என்கிற துருத்தடுப்புப் பெயின்ற். அது காய்ந்த பிறகு குளோஸ் இரண்டு தரம், மெல்லிசாக. தடிப்பாக ஒரே தரம் அடித்தால் மேலே காயும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது. செலவைப் பார்த்து மண்ணெண்ணெய் கலந்தால் மினுக்கம் செத்துவிடும்.

நிறத்தையும் கார்ட்டைப் பார்த்து எடுக்கக் கூடாது. சின்னப் பெயின்ற் ரின் ஒன்று வாங்கி, துண்டு இரும்பில் அடித்து, வாசலில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கேற் கண்ணாடி மாதிரி இருக்கும். உடுவிலில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர், நான் அடித்த கறுப்புக் கேற்றுக்கு முன்னால் நின்று தலையைச் சரி செய்தவா. "ராசண்ணை, இனி எனக்குக் கண்ணாடி தேவையில்லை," என்று சிரித்தவா. நான் அதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதே ரீச்சர் அடுத்த வருடம் பட்டறைக்குப் போன் எடுத்தா. பக்கத்து வீட்டில் அன்ரன் அடித்த கிறிலைப் பார்த்திருக்கிறா. பின் கேற்றும் தண்ணித் தாங்கிக் கால்களும் அடிக்க வேண்டுமாம். முதலாளி போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஓம் ரீச்சர். ஓம். அந்தக் குருநகர் ஆளைத்தானே? அனுப்புறன்."

நான் எமரி பேப்பரைக் கிழித்துக்கொண்டு இருந்தேன். தேவைக்கு மேல் கிழித்துவிட்டேன்.

3. ஆளுக்கு ஒன்று

நெல்லியடியில் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், பருத்தித்துறைக்கு அங்கால் கடற்கரையோடு இரண்டு வீடு கட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே மாதிரி இரண்டு கேற். நாங்கள்தான் செய்து தூணில் பூட்டினோம். றெட் ஒக்சைட் என்கிற சிவப்பு அடிப்பூச்சு ஒன்றோடு கேற் ஆறு மாதம் கடற்காற்றில் நின்றது. வீட்டு வேலை முடிந்த பிறகுதான் பெயின்ற் அடிக்கக் கூப்பிட்டார்கள்.

அந்த நேரம் அதே கரையில் ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டு இருந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு அறைக்கும் இரும்பு விறாந்தைக் கம்பி. அந்த வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்திருந்தது. பெயின்ற் மாத்திரம் எட்டு மாத வேலை. அதற்குத் தலைமை ஆள் வேண்டும்.

"ஆளுக்கு ஒரு கேற் அடியுங்கோ," என்றார் முதலாளி. "மாரி மழை முடியட்டும். ஆரின்ரை கேற் பழுதில்லாமல் நிக்குதோ அவர்தான் ஹோட்டலைப் பாக்கிறது."

"எனக்கு ஓம்," என்றான் அன்ரன்.

நான் தலையை ஆட்டினேன். அவனுக்குக் கீழே நின்று வேலை செய்வதை நினைத்துப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை.

4. நாக்கு

அண்ணன்காரனின் கேற் எனக்கு. தம்பி அதற்குள் கனடாவுக்குப் போய்விட்டான், அந்தக் கேற் அன்ரனுக்கு. நடுவில் ஒரு மதில்.

இரண்டு பேரும் வயர் பிறஷ்ஷால் துருவைச் சுரண்டினோம். முடிந்ததும் அன்ரன் ஒரு வேலை செய்தான். கீழ்க் கம்பியில் விரலைத் தேய்த்தான். விரலை நாக்கில் வைத்தான். துப்பினான்.

"உதென்னடா, ருசி பாக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பழக்கம் அண்ணை," என்றான்.

பிறகு மோட்டர்சைக்கிளில் போய், நெல்லியடிப் பக்கமிருந்து இரண்டு பிளாஸ்ரிக் கான் தண்ணி கொண்டு வந்தான். கேற்றைக் கழுவினான். இன்னொரு தரம் போனான். கொண்டு வந்து திரும்பவும் கழுவினான். துணியால் துடைத்தான். மறுபடி விரல், மறுபடி நாக்கு. அதன் பிறகுதான் பெயின்ற் ரின்னைத் திறந்தான்.

வீட்டுக்கார அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தா. நான் மதிலுக்கு அங்கால் காட்டினேன்.

"பாருங்கோ அக்கா. கிணறு இஞ்சை இருக்கேக்கை நெல்லியடியிலையிருந்து தண்ணி காவுறான். விசரன்."

"எங்கடை கிணத்திலை என்ன கிடக்கு?" என்றா அவ. "தேத்தண்ணியும் போட ஏலாது. சவுக்காரம் நுரைக்காது. உதுக்கும் வாங்கின தண்ணிதான்."

நான் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தேன்.

அன்ரன் சாப்பிடப் போனான். எனக்கு உள்ளுக்குள் அரித்தது. இவன் சும்மா கழுவமாட்டான், ஏதோ இருக்கிறது என்று பட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வாய் வரவில்லை. அவன் திரும்பி வருமுன் அந்தக் கிணற்றிலேயே ஆறு வாளி அள்ளி என் கேற்றையும் கழுவினேன். வெயிலில் கெதியாகக் காய்ந்தது. ஆன்ரி கொறோசிவ்வை எடுத்து அடித்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டு கேற்றும் முடிந்தது. என்னுடையதுதான் வடிவு. அன்ரனுடையது மினுங்கினது, ஆனால் என்னுடையது அளவுக்கு இல்லை. ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி என் கேற்றைத்தான் பார்த்தார்கள்.

"ராசண்ணை, உங்கடையிலை முகம் தெரியுது," என்றான் அன்ரன். தன் கேற்றை ஒருக்கால் பார்த்தான். என்னுடையதைத் திரும்பவும் பார்த்தான்.

அவன் முகம் வாடினதைக் கண்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

5. கறுத்த விரல்

மாரி பெய்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்ப்போம் என்றார் முதலாளி. நான் சனிக்கிழமை பின்னேரமே தனியாகப் போனேன்.

தூரத்தில் என் கேற் இன்னும் மினுங்கினது. கிட்டப் போய்க் குந்திப் பார்த்தேன். கீழ்க் கம்பி நெடுகக் கொப்பளம். பட்டாணி அளவு, சிலது கச்சான் கடலை அளவு. நகத்தால் ஒன்றை உடைத்தேன். உள்ளே இருந்து மண்ணிறத் தண்ணி வந்தது.

மதிலுக்கு அங்கால் போனேன். அன்ரனின் கேற்றைக் கீழே, பின்னே, கதவு திரும்புகிற பிணைச்சலடியில் எல்லாம் பார்த்தேன். விரலால் தடவினேன். ஒன்றுமில்லை.

என் பையில் அரை ரின் கறுப்பு குளோஸ் இருந்தது. பையில் அதை ஏன் வைத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். கொப்பளங்களைச் சுரண்டினேன். எமரி போட்டேன். மேலால் அடித்தேன். அக்கா வெளியே வந்தா.

"என்ன அண்ணை, பேந்தும் அடிக்கிறியள்?"

"சும்மா அக்கா. ஒரு கீறல் கிடந்தது."

ஞாயிறு காலை மூன்று பேரும் போனோம். முதலாளி இரண்டு கேற்றையும் நின்ற நிலையில் பார்த்தார். குனிய அவருக்கு இடுப்பு நாரிப் பிடிப்பு விடாது. அன்ரன் என் கேற்றடியில் குந்தினான். கீழ்க் கம்பியில் விரலை வைத்தான். எடுத்தான். விரல் நுனி கறுத்திருந்தது. இன்னும் காயாத பெயின்ற்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

விரலைத் தன் காற்சட்டையில் துடைத்தான். எழும்பினான்.

"என்ன மாதிரி?" என்றார் முதலாளி.

"ரெண்டும் நிக்குது," என்றான் அன்ரன்.

"ரெண்டும் நிண்டா ராசண்ணைதான் மூப்பு. மினுக்கமும் அவரின்ரைதான். ஹோட்டலை அவர் பாக்கட்டும்."

நான் வென்றேன். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவன்மேல் கோபம்தான் வந்தது. அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்துச் சண்டை பிடித்திருப்பேன். சொல்லாமல் விட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கையும் அவனுக்கு இருக்கிறது, அதோடு இந்த மனசும் இருக்கிறதா?

6. ஹோட்டல்

ஹோட்டலில் முதல் நாள். நூற்றுக்கு மேலே கம்பித் துண்டுகள் மணலில் அடுக்கிக் கிடந்தன. ஏழு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாளி, "சொல்லுங்கோ ராசண்ணை, என்னண்டு தொடங்குறது?" என்றார்.

நான் ஒரு கம்பியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. சுள்ளென்று இருந்தது. ஏழு பேரில் ஒருவன் சிரித்தான்.

"கழுவ வேணும்," என்றேன்.

"கிணறு உதிலை கிடக்கு, மோட்டரைப் போடட்டே?" என்றான் சிரித்தவன்.

நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் தன் பிறஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்கள்தானே தலைமை, அண்ணை. சொல்லுங்கோ," என்றான்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. அக்காவின் தேத்தண்ணி, நுரைக்காத சவுக்காரம், நான் அள்ளின ஆறு வாளி. கடல் போட்ட உப்பைக் கழுவப் போய், கிணற்று உப்பை நானே பூசியிருக்கிறேன். அதன் மேல் கண்ணாடி மாதிரி மூடியும் விட்டேன்.

இந்தக் கிணறும் கடலில் இருந்து ஐம்பது அடி. தண்ணியை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு நானே சொல்லியிருக்கலாம். தலைமையும் என் கையில் இருந்திருக்கும். ஆனால் அவன் காற்சட்டையில் இன்னும் அந்தக் கறுப்பு இருந்தது. அதே காற்சட்டை. கழுவிக் கழுவி மங்கி, ஒரு விரல் அகலத்துக்கு.

"முதலாளி," என்றேன். "அந்தக் கேற் கொப்பளிச்சது. உவர்த் தண்ணியிலை கழுவினது நான். நீங்கள் வர முதல் நாள் போய் மேலாலை அடிச்சு மறைச்சதும் நான்."



முதலாளி சாரத்தை மடித்துக் கட்டினார். "அப்ப இதை ஆர் பாக்கிறது?"

"அவன்."

"நீங்கள்?"

"நான் பிறஷ் பிடிக்கிறன்."

 முதலாளி அன்ரன் பக்கம் திரும்பினார். "எங்கத்தைத் தண்ணி வேணும்?"

"தண்ணிப் பவுசர் லொறி எடுப்பம். நெல்லியடித் தண்ணி," என்றான் அன்ரன். பிறகு என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, குளோஸ் அடிக்கிறது நீங்கள். எனக்கு உந்த மினுக்கம் வராது. உங்கடை கேற்றுக்கு முன்னாலை நிண்டு எனக்கு எவ்வளவு எரிச்சலாக் கிடந்தது தெரியுமே?"

அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

எட்டு மாதம் அவனுக்குக் கீழே வேலை செய்தேன். அவன் கழுவி முதல் பூச்சு அடிப்பான். நான் குளோஸ் அடிப்பேன். அண்ணன்காரனின் கேற்றை வெறும் இரும்பு வரைக்கும் சுரண்டி, அவன் கொண்டு வந்த தண்ணியால் கழுவி, திரும்ப அடித்துக் கொடுத்தேன். அக்கா அதற்கும் தேத்தண்ணி தந்தா.

தொழிலுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். கடற்கரை இரும்பை நாக்கில் வைத்துப் பார். கழுவுகிற தண்ணியையும் நாக்கில் வைத்துப் பார். தெரியாததைத் தெரிந்தவனிடம் கேள், அவனைப் பிடிக்காவிட்டாலும் கேள்.

இப்போது எனக்கு முழங்கால் ஏலாது. வேலைக்குப் போவதில்லை. எப்போதாவது பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் ஹோட்டலடியில் இறங்குவேன். கீழ் மாடிக் கம்பிகள் ரோட்டுக்குத் தெரியும். கிட்டப் போய், அவன் முதல் பூச்சு அடித்த அடிக் கம்பியில் ஒரு கொப்பளமாவது இருக்கிறதா என்று தேடுவேன்.

இன்றுவரை இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன்.